காவேரிப்பாக்கம் ஏரிப் பனி: எடுத்த பனியைத் துடைக்கலாமா?

ஏரிக்கரையான்: மூன்று நாள் அலைந்து, நேற்றுதான் காவேரிப்பாக்கம் ஏரியில் நல்ல மார்கழிப் பனி கிடைத்தது. ஆனால் படத்தில் எல்லாமே அழுக்கு வேட்டி நிறம். கணினியில் டீஹேஸை (படத்தில் மூட்டத்தைக் குறைக்கும் மென்பொருள் வசதி) 45 வரை இழுத்தேன். அக்கரைப் பனைமரங்கள், மதகு எல்லாம் பளிச். இரண்டு படமும் போட்டிருக்கிறேன், இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

பாலாற்றுமணல்: நாலரைக்கு எழுந்து, குல்லா போட்டுக்கொண்டு, வாலாஜாவிலிருந்து பைக்கில் போனது பனியைப் பிடிக்கத்தானே அண்ணா? பிடித்ததும் துடைத்துவிட்டீர்கள். இரண்டாவது படத்தை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே எடுத்திருக்கலாம்.

ஏரிக்கரையான்: கிண்டல் சரி தம்பி. முதல் படத்தில் ஏரி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்து ஏரி என்கிறார்கள், அது ஒரு வெள்ளைத் துணியாகவா தெரிய வேண்டும்?

பாலாற்றுமணல்: துணி அழுக்கானது பனியால் இல்லை, கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரால். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் கேமரா பார்க்கும். வெள்ளையைக் காட்டினால் சாம்பலாக்கித் தரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, +1 ஏற்றியிருந்தால் பனி பனியாகவே வந்திருக்கும், டீஹேஸுக்கு வேலையே இல்லை.

வெயிலூர்க்காரி: கண்ணை மூடிக்கொண்டு +1 என்று சொல்லாதீர்கள். சூரியன் படச் சட்டத்துக்குள் வந்தால் அந்த இடம் வெறும் வெள்ளையாக வெந்துவிடும், அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ரா ஃபைலில் (கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் கோப்பு) கொஞ்சம் இருட்டாகவே எடுத்து வீட்டில் ஏற்றிக்கொள்வதுதான் என் வழக்கம். அது இருக்கட்டும். அண்ணா, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலா இருந்தது?

ஏரிக்கரையான்: ஆமாம். வெளிச்சம் முன்னால் விழட்டும் என்றுதான் அப்படி நின்றேன்.

வெயிலூர்க்காரி: அங்கேதான் போயிற்று. பனித்துளி வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கும். சூரியனைப் பார்த்து நின்றால் பனி தகதகக்கும், முதுகைக் காட்டினால் சப்பென்று இருக்கும். இன்னொன்று, பத்தடிக்குள் கருப்பாக ஏதாவது வேண்டும். தண்ணீரில் நிற்கும் ஒரு கருவேலமரம் போதும். அது கருப்பு, அதற்குப் பின்னால் உள்ளது சாம்பல், அக்கரை பாதி அழிந்தது. தூரம் இப்படித்தான் தெரியும். நீங்கள் அக்கரையையும் கருப்பாக்கியதில் ஏரியே குட்டையாகிவிட்டது.

பாலாற்றுமணல்: குட்டை! அதைத்தான் சொல்லத் தெரியாமல் இருந்தேன். ஆனால் +1 விஷயத்தில் நான் இறங்கமாட்டேன். சூரியன் சட்டத்தில் இல்லாதபோது இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றினால் நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாக வரும்.

வெயிலூர்க்காரி: பழைய கேமராவாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். போகியன்று மட்டும் யாரும் போகாதீர்கள். போன வருடம் ஒருவர் டயர் புகையைப் 'பனி' என்று போட்டார், படமே பழுப்படித்திருந்தது.

ஏரிக்கரையான்: டீஹேஸை 10க்கு இறக்கிவிட்டேன். பூஜ்யத்துக்கு வரமாட்டேன், என் கண்ணுக்கு அந்தப் பனைமரங்கள் தெரிந்தன. ஏரி நிரம்பிக் கோடி போய் நிலமெல்லாம் ஈரமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை இரவு மேகமும் காற்றும் இல்லையென்றால் ஞாயிறு காலை பனி நிச்சயம். என் காரில் வருகிறீர்களா?

வெயிலூர்க்காரி: ஏசி போடமாட்டேன் என்றால் வருகிறேன். குளிர்ந்த லென்ஸோடு இறங்கினால் அதன் மேலேயே பனி பிடித்துக்கொள்ளும். அதற்கு டீஹேஸ் கிடையாது.