சர்க்கரையை இறக்கிச் செய்யும் ஹார்மோன் சோதனை: அம்மா தாங்குவாரா?

தஞ்சை மகள்:
அம்மாவுக்கு வயது 43. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தம்பி பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போனது. பால் சுரக்கவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை. பிரசவத்தில் விழுந்த உடம்பு என்றே வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தோம். பிரசவ இரத்தப்போக்கால் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி செயலிழந்துபோகும் ஷீஹான் நோய் இது என்று போன மாதம்தான் தெரிந்தது. உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் ஹார்மோன் காலை 8 மணிக்கு 6 மைக்ரோகிராம்தான். இன்சுலின் ஊசி போட்டுச் சர்க்கரையை 40க்குக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். வேண்டுமென்றே மயக்கம் வரவழைப்பதா? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை அக்கா:
எனக்கு மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்து ஒரு மாதம் ஆனபோது செய்தார்கள். சர்க்கரை தாழ்ந்தால், மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு கார்டிசாலையும் வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கச் சொல்லும். அந்தக் கட்டளை போய்ச் சேருகிறதா என்பதே சோதனை.

முதல் நாள் மாலையும் அன்று காலையும் ஹைட்ரோகார்ட்டிசோனை (கார்டிசாலுக்குப் பதிலாகச் சாப்பிடும் மாத்திரை) நிறுத்தச் சொன்னார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

வெறும் வயிறு. கையில் வென்பிளான் என்னும் ஊசிக்குழாய். இன்சுலின் ஏறி அரை மணி நேரத்துக்குள் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்தது. விரல்கள் நடுங்கி, போர்வையின் ஓரத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கருவியில் 36. செவிலியர் என் மணிக்கட்டை விடவே இல்லை. பக்கத்துத் தட்டில் குளுக்கோஸ் ஊசி தயாராக இருந்தது. இரண்டு மணி நேரம் இரத்தம் எடுத்தார்கள். கார்டிசால் 11க்கு மேல் ஏறவில்லை. 18ஐ எட்டியிருக்க வேண்டும். பிறகு சாப்பிட்ட இரண்டு இட்லியின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

மருத்துவர் பக்கத்தில் இருக்கும் இடத்தில் செய்தால் பயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், தங்கையே: அம்மாவுக்கு இதய நோயோ வலிப்போ எப்போதாவது வந்ததுண்டா? வந்திருந்தால் இந்தச் சோதனை கூடவே கூடாது.

ஆய்வக ஊழியர்:
மாதவிலக்குக்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். அது கார்டிசாலைத் தாங்கிச் செல்லும் புரதத்தைக் கூட்டும்; குறைவாக இருப்பதும் போதுமானதாகத் தோன்றும். தைராய்டு குறைவு என்று யாராவது தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரையை முதலில் தொடங்கினால் தடுத்துக் கேளுங்கள். கார்டிசால் குறையைச் சரிசெய்யாமல் அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தஞ்சை மகள்:
அக்கா, அப்பாவிடம் கேட்டேன். ஐந்தாண்டுகளுக்கு முன் வாந்தியோடு படுத்திருந்தபோது அம்மாவுக்கு ஒருமுறை வலிப்பு வந்ததாம். சோடியம் குறைந்ததால் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது. நாங்கள் அதை மருத்துவரிடம் சொல்லவே இல்லை.

கோவை அக்கா:
சோடியம் குறைந்ததும் இதே நோயால் இருக்கலாம். அந்தச் சீட்டை நாளைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏ.சி.டி.எச். ஊசிச் சோதனை ஒன்று உண்டு; கார்டிசாலைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்கு அனுப்பும் ஹார்மோன்தான் ஏ.சி.டி.எச். அதில் சர்க்கரையை இறக்க மாட்டார்கள். எனக்கு அறுவை புதிது என்பதால் அது ஏமாற்றிவிடும் என்றார்கள். ஓய்ந்த பிட்யூட்டரியிடமிருந்து கட்டளை வராமல் அட்ரீனல் சுரப்பி சுருங்கிப்போகச் சில வாரங்களாவது ஆகும். அதற்குள் ஊசி போட்டால் நன்றாகவே சுரந்து காட்டும். அம்மாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவே.

தஞ்சை மகள்:
காட்டினேன். சீட்டைப் படித்ததும் மருத்துவர் இன்சுலின் சோதனை வேண்டாம் என்று அடித்துவிட்டார். வியாழக்கிழமை ஏ.சி.டி.எச். ஊசி 250 மைக்ரோகிராம். முப்பதாவது, அறுபதாவது நிமிடங்களில் இரத்தம். அம்மா இன்று நிம்மதியாகத் தூங்குகிறார்.