லேப்டாப்பில் சரியாக ஓடும் போர்ட்ஃபோலியோ, கிட்ஹப் பேஜஸில் உடைகிறது. உதவி தேவை

கேள்வி

வணக்கம். பிசிஏ மூன்றாம் ஆண்டு. என்னைப் பற்றி, திறன்கள், ப்ராஜெக்ட்டுகள், தொடர்பு என நான்கு பக்கங்களில் போர்ட்ஃபோலியோ தளம். விண்டோஸில், விஎஸ் கோடின் லைவ் சர்வரில் எல்லாம் சரியாக வருகிறது. கிட்ஹப்பின் தளம் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸில் ஏற்றியதும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) ஒரு பக்கத்திலும் வேலை செய்யவில்லை. ஐந்து படங்களில் இரண்டு தெரியவில்லை. தொடர்புப் படிவத்தை அனுப்பினால் 405 என்று பிழை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலிருந்து ஒட்டிய தமிழ்ப் பத்தி ஃபோனில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. அடுத்த வாரம் இண்டர்ன்ஷிப்புக்கு லிங்க் அனுப்ப வேண்டும்.

பதில் 1

சிஎஸ்எஸ் இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் எழுத்தே ஸ்லாஷ் என்றால் அதுதான் காரணம். முன்னால் ஸ்லாஷ் வைத்தால் ‘டொமைனின் வேரிலிருந்து தேடு’ என்று பொருள். லைவ் சர்வரில் உங்கள் ஃபோல்டரே வேர், அதனால் கிடைத்துவிடும். கிட்ஹப் பேஜஸில் உங்கள் தளம் டொமைனுக்கு அடுத்து, ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) பெயருக்குள் உட்கார்ந்திருக்கிறது. வேரில் சிஎஸ்எஸ் ஃபோல்டர் இல்லை, 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்ற பிழை வரும். ஸ்லாஷை எடுத்துவிட்டு ஃபோல்டர் பெயரிலிருந்து தொடங்குங்கள். உள் ஃபோல்டரில் இருக்கும் பக்கம் என்றால் இரண்டு புள்ளி, ஒரு ஸ்லாஷ் போட்டு ஒரு படி மேலே வர வேண்டும்.

படங்களுக்கு: கோப்பின் நீட்டிப்பு பெரிய எழுத்திலும் கோடில் சின்ன எழுத்திலும் இருக்கிறதா? கேமரா, ஃபோன் படங்களில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. கிட்ஹப் பேஜஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்புகள். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால், எது 404 என்று சிவப்பில் வரும். ஊகிக்காமல் அதைப் பார்த்துத் திருத்துங்கள்.

பதில் 2

கிட்ஹப் பேஜஸ் நிலையான கோப்புகளை மட்டும் தரும். பிஎச்பி போன்ற சர்வர் நிரல் அங்கே ஓடாது, படிவ விவரத்தை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையையும் ஏற்காது. 405 அதனால்தான் வருகிறது, உங்கள் கோடில் எவ்வளவு தேடினாலும் தவறு கிடைக்காது. படிவ விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் ஃபார்ம்ஸ்ப்ரீ மாதிரி ஒரு சேவை தரும் முகவரியைப் படிவத்தின் ஆக்‌ஷனில் போடுங்கள். ஒவ்வொரு உள்ளீட்டுப் பெட்டிக்கும் நேம் பண்பு இருக்க வேண்டும். ஐடி மட்டும் கொடுத்தால் அந்தப் பெட்டியின் விவரம் வந்து சேராது.

தமிழ்ப் பத்தி பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருக்க வேண்டும். அதில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எழுத்துரு இல்லாத கருவியில் அப்படியே தெரியும். எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் யூடிஎஃப்-8 மெட்டா வரி சேர்த்தாலும் இது தீராது. யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி, ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள்.

கேட்டவர்

சிஎஸ்எஸ் வந்துவிட்டது, தமிழும் சரி. நன்றிங்க. படங்களின் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி புஷ் செய்தேன் (கிட்ஹப்புக்கு அனுப்பினேன்), இன்னும் தெரியவில்லை. ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்கிறது கிட்.

பதில் 1

விண்டோஸில் பெயரின் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக மட்டும் மாற்றினால் கிட் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளாது. முதலில் முற்றிலும் வேறு பெயர் வைத்து கமிட் செய்யுங்கள் (மாற்றத்தைக் கிட்டில் பதிவு செய்யுங்கள்). பிறகு வேண்டிய சின்ன எழுத்துப் பெயருக்கு மாற்றி இன்னொரு கமிட். புஷ் செய்தபின் தளத்தில் தெரிய 10 நிமிடம் வரை ஆகலாம். கன்ட்ரோல் எஃப்5 அழுத்திப் பாருங்கள்.

பதில் 3

கோளாறு தீர்ந்ததும் உள்ளடக்கத்தையும் கவனியுங்கள், லிங்க் வாங்குபவர் அதைத்தான் படிப்பார். ‘எச்டிஎம்எல் 90%, ஜாவாஸ்கிரிப்ட் 70%’ என்ற பட்டைகளை எடுத்துவிடுங்கள். எதில் 70 என்று யாருக்கும் தெரியாது. ‘நூலகத் தளத்தின் தேடல் பகுதியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன்’ என்ற ஒரு வரி அதைவிட அதிகம் சொல்லும். குழு ப்ராஜெக்ட் என்றால் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பயோடேட்டா பழக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி என்று போடாதீர்கள். இது உலகமே பார்க்கும் பக்கம். மின்னஞ்சல் போதும்.

மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்) கடவுச்சொல் உள்ள கோப்பு ரெப்போவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீக்கினால் மட்டும் போதாது, பழைய கமிட்டைத் திறந்தால் தெரியும். கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்

இரண்டு கமிட் வழியில் ஐந்து படங்களும் வந்துவிட்டன. படிவத்தில் நேம் பண்பு மூன்று பெட்டிகளிலும் இல்லை, சேர்த்ததும் அஞ்சல் வந்தது. கடவுச்சொல் கோப்பு ரெப்போவில்தான் இருந்தது. மாற்றிவிட்டேன்.