ஒரே கைத்துப்பாக்கி, ஒன்றே கால் லட்சம் பட்ஜெட்: .32 ரிவால்வரா, பிஸ்டலா, .22 போதுமா?

தேன்கனி_தோட்டம்:
வணக்கம். கலெக்டர் ஆபீஸ்ல உரிமம் கிடைச்சிடுச்சு. தடை இல்லாத ரகத்துல ரிவால்வர் அல்லது பிஸ்டல்னு எழுதியிருக்கு. வாங்கப் போறது ஒண்ணுதான். துப்பாக்கி, தோட்டா, உறை, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சத்தைத் தாண்ட முடியாது.

தேவை மூணு. மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி, பர்கூர் மண்டியிலிருந்து பணத்தோட ராத்திரி வண்டியில திரும்பணும். வீடு தேன்கனிக்கோட்டை பக்கம், தோட்டத்துக்குள்ள தனியா இருக்கு, கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஆள் கிடையாது. கூடவே காட்டுப்பன்றித் தொல்லை, ராகியும் நிலக்கடலையும் மிஞ்சறதில்ல.

கடைக்காரர் .22 அங்குலத் தோட்டா போடற நிடர் ரிவால்வரே போதும், விலையும் கம்மிங்கறார். தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய .32 ரிவால்வரை விக்கத் தயார். எனக்குப் பிஸ்டல் மேல ஒரு கண். விவரம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

ஆறு_அறை:
முதல்ல பன்றியைக் கணக்கிலிருந்து எடுத்துடுங்க. .32 ரிவால்வர் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது அதோட ஆற்றல் சுமார் 150 ஜூல். 12 போர் நீளத் துப்பாக்கியில அது 2000 ஜூலுக்கு மேல. தடிச்ச தோலும் கொழுப்பும் தோள் எலும்பும் இருக்கற பன்றியை கைத்துப்பாக்கித் தோட்டா சாய்க்காது, காயம்தான் படுத்தும். காயம்பட்ட பன்றி ஆள் மேல பாயும். சட்டமும் இடம் தராது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி தானா சுட முடியாது, அனுமதி கிடைச்சாலும் சுடறது வனத்துறை ஆளுங்கதான். உங்க பக்கம் யானையும் வரும். வேட்டுச் சத்தம் கேட்டு யானை எப்பவும் விலகிப் போகும்னு நம்பாதீங்க, சத்தம் வந்த திக்கை நோக்கியும் வரும்.

மிச்சம் ரெண்டு தேவை: வழியும் வீடும். ரெண்டுக்கும் என் பதில் .32 ரிவால்வர், எஃகு உடம்பு, மூணு அங்குலக் குழல்.

நிடர் எடை 250 கிராம், எட்டுத் தோட்டா. கையடக்கம்ங்கறது உண்மை. ஆனா .22 தோட்டாவுல தீ மூட்டற மருந்து அடி விளிம்புக்குள்ள தடவியிருக்கும், நடுவுல கேப் (அந்த மருந்து வெச்ச சின்ன மூடி) கிடையாது. விளிம்புல ஒரு இடத்துல மருந்து சரியாப் பரவலேன்னா அந்த இடத்துல ஊசி அடிச்சும் வெடிக்காது. நடுவுல கேப் வெச்ச .32-ல இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. உயிருக்கு நம்பி வெக்கற ஒரே துப்பாக்கிக்கு இது பெரிய வித்தியாசம். அதுவும் இல்லாம, இவ்வளவு லேசான துப்பாக்கியை ஆட்டமில்லாமப் பிடிக்க நல்ல பயிற்சி வேணும்.

பிஸ்டல் மோசம்னு சொல்ல மாட்டேன். அசனிங்கற .32 பிஸ்டல் தட்டையா இருக்கும், இடுப்புல உறுத்தாது, மேகசின்ல (பிடிக்குள்ள சொருகற தோட்டாப் பெட்டி) எட்டு. சிக்கல் ரெண்டு இடத்துல. அதுக்குப் போடற .32 ஏசிபி தோட்டாவோட அடி விளிம்பு லேசா வெளியே நீட்டியிருக்கும். மேகசின் நிரப்பும்போது மேல் தோட்டாவோட விளிம்பு கீழ் தோட்டாவோட விளிம்புக்கு முன்னால உக்காரணும். பின்னால போயிட்டா ரெண்டும் கொக்கி போட்டுக்கும், தோட்டா ஏறாது, அந்த நேரத்துல ஸ்லைடை (முன்னும் பின்னும் நகர்ற மேல் பாகம்) எத்தனை தடவை இழுத்தாலும் விடுபடாது. மேகசினைக் கழட்டித்தான் சரி பண்ணணும். ஒவ்வொரு தோட்டாவா முன்பக்கமிருந்து பின்னுக்குத் தள்ளி நிரப்பினா இது வராது.

இன்னொண்ணு விபத்து. மேகசினைக் கழட்டினா துப்பாக்கி காலின்னு நினைச்சு ட்ரிகரை அழுத்தறாங்க. குழலோட பின் அறைக்குள்ள ஒரு தோட்டா உக்காந்திருக்கும். மாசக்கணக்கா எடுக்காம வெக்கற கைக்கு ரிவால்வர்தான் பாதுகாப்பு: திறந்து பார்த்தா ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்கலேன்னா திரும்ப அழுத்துங்க, அடுத்த அறை வந்துடும். (இது ஆபத்து நேரத்துக்கு. பயிற்சியில வெடிக்கலேன்னா குழலை இலக்கை விட்டுத் திருப்பாம முப்பது எண்ணிட்டுத் திறக்கணும், தாமதமா வெடிக்கலாம்.)

9 மிமீ, .38 எல்லாம் தடை ரகம். உங்க உரிமத்துல வராது, அதைத் தேடி நேரம் வீணாக்காதீங்க.

மண்டி_கணக்கு:
காசு பக்கத்தை நான் சொல்றேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆயிடுச்சு. வரி இல்லாம 80,000 ரூபா போட்ட துப்பாக்கி முன்ன 1,02,400-க்கு வந்தது, இப்ப 1,12,000. கடையில சொல்ற விலை வரியோடவா, வரி இல்லாமலான்னு எழுதி வாங்கிக்கிட்டுப் பேசுங்க. பழைய விலைப் பட்டியலை நெட்ல பார்த்துட்டுப் போனா ஏமாற்றம்தான்.

புதுசுல பார்க்க வேண்டியவை: கான்பூர்ல வர்ற சாதா .32 எஃகு ரிவால்வர், நடுவுல மடங்கித் திறக்கறது. 2014-ல வந்த நிர்பீக், டைட்டானியக் கலவை, 500 கிராம், அறிமுக விலையே 1,22,360. 2023 ஆகஸ்ட்ல வந்த பிரபல், 700 கிராம், 76 மிமீ குழல், சிலிண்டர் (தோட்டா அறைகள் இருக்கற உருளை) பக்கவாட்டுல வெளியே வரும். எடை குறைஞ்சதுக்கு அதிகக் காசு கொடுக்கறது உங்க பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. லேசான துப்பாக்கி கையில அதிகமா உதைக்கும், அதனால பயிற்சியும் குறைஞ்சு போகும்.

துப்பாக்கிக்கே முழுப் பணத்தையும் கொட்டாதீங்க. சுவத்துல போல்ட் போட்டு இறுக்கற இரும்புப் பெட்டி, நல்ல உறை, ரைபிள் கிளப் சந்தா, பயிற்சித் தோட்டா, இதுக்கு இருபதாயிரமாவது ஒதுக்குங்க. தோட்டா எத்தனை வாங்கலாம், ஒரு நேரத்துல எத்தனை வெச்சுக்கலாம்னு உரிமத்துல எழுதியிருக்கும், அதுதான் எல்லை.

அதனாலதான் அந்தப் பழைய .32 மேல எனக்கு ஆர்வம். தனி ஆள்கிட்ட வாங்கினா ஜிஎஸ்டி இல்ல. ஆனா அவசரப்படக் கூடாது: விக்கறவர் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துல தகவல் கொடுத்து 45 நாள் ஆன பிறகுதான் துப்பாக்கி கை மாறணும். அதுக்கு முன்ன "சும்மா வெச்சிருங்க"ன்னு கொடுத்தா ரெண்டு பேருக்கும் வழக்கு.

தேன்கனி_தோட்டம்:
நன்றிங்க. பன்றியை விட்டுட்டேன். பழையதை நேர்ல பார்க்கும்போது எதெதைச் சோதிக்கணும்? அவர்கிட்ட .32 தோட்டா கொஞ்சம் இருக்காம், பிஸ்டல் தோட்டாவாம், "இதுலயும் போகும்"னு சொன்னார். போகுமா?

ஆறு_அறை:
அந்தத் தோட்டாவைத் தொடாதீங்க. பேர்ல ரெண்டும் .32, பொருள் வேற. ரிவால்வர் தோட்டாவோட கூடு சுமார் 23 மிமீ, பிஸ்டல் தோட்டாவோட கூடு 17. விளிம்போட குறுக்களவு ரிவால்வர் தோட்டாவுக்கு 9.5 மிமீ, பிஸ்டல் தோட்டாவுக்கு 9.1. அந்த 9.1 விளிம்பு அறை வாயில அரைகுறையா மாட்டிக்கும், அதனாலதான் "போகுது"ன்னு தோணும். பிஸ்டல் தோட்டாவோட அழுத்த வரம்பு 20,500 பிஎஸ்ஐ, ரிவால்வர் தோட்டாவுக்கு 15,000. பழைய சிலிண்டரும் லாட்சும் (மூடினதும் பூட்டற கொக்கி) அந்த அதிக அழுத்தத்துக்குச் செஞ்சதில்ல. முதல் வேட்டுலயே உடையும்னு இல்ல, ஒவ்வொரு வேட்டுக்கும் இணைப்பு தளரும்.

எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியாத ரிவால்வர் தோட்டாவும் வேண்டாம். மருந்து ஈரம் பட்டிருந்தா "டப்"னு சன்னமா ஒரு சத்தம் வரும், உதை இருக்காது, ஈயக் குண்டு குழல் நடுவுலயே நின்னுடும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். சத்தம் வித்தியாசமா இருந்தா உடனே நிறுத்தி, காலி பண்ணி, குழலுக்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க.

பில்லர்_கேஜ்:
சோதனை முறை சொல்றேன். ஓசூர்ல எந்த டூல்ஸ் கடையிலயும் கிடைக்கற பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகட்டு இதழ்கள்) ஒண்ணும் சின்ன டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க.

திறந்து ஆறு அறையும் காலின்னு ரெண்டு பேரும் பாருங்க. துப்பாக்கி உடம்புல பொறிச்சிருக்கற நம்பரை உரிமத்தோட ஒப்பிடுங்க. நம்பர் இருக்கற இடம் தேய்ச்சோ மெருகு போட்டோ இருந்தா அங்கேயே எழுந்து வந்துடுங்க, பேரமே வேண்டாம்.

மூடி, ஒரு கையில பிடியும் இன்னொரு கையில குழலும் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டுங்க. நடுவுல மடங்கற ரிவால்வருக்கு உயிர் மேல இருக்கற லாட்ச்லயும் கீழ் அச்சுலயும்தான். "டக் டக்"னு ஆடினா தேய்ஞ்சாச்சு. அதைச் சரி செய்ய உரிமம் உள்ள ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்க்கறவர்) வேணும், செலவும் கூடும்.

அடுத்து சுத்தியலை (பின்னால இருந்து தோட்டாவை அடிக்கற பாகம்) கட்டை விரலால ரொம்ப மெதுவா இழுங்க. சுத்தியல் முழுசாப் பின்னால நிக்கறதுக்குள்ள சிலிண்டர் "கிளிக்"னு பூட்டணும். ஆறு அறைக்கும் தனித்தனியா பாருங்க, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு அறைதான் பிந்தும். பிந்தற அறை குழலுக்கு நேரா நிக்காது, ஈயத்தைச் சீவி பக்கவாட்டுல தெறிக்க விடும். சுத்தியல் பின்னால நிக்கும்போது பின்னாலிருந்து விரலால அழுத்துங்க. ட்ரிகரைத் தொடாமலே விழுந்தா அந்தத் துப்பாக்கி ஆபத்து.

சிலிண்டர் முகத்துக்கும் குழலுக்கும் நடுவுல கேஜை விடுங்க. 0.15 முதல் 0.25 மிமீ வரை சரி. 0.30 இதழ் சுலபமா நுழைஞ்சா விட்டுடுங்க. கேஜ் வெச்சிருக்கும்போது சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, நீளவாட்டுல ஆட்டம் இருந்தா முதல்ல எடுத்த அளவு பொய்.

குழலுக்குள்ள டார்ச் அடிச்சா உள் சுவத்துல வெட்டியிருக்கற முறுக்கு வரிகள் கூர்மையாத் தெரியணும். ஒரு இடத்துல இருண்ட வளையம் மாதிரி தெரிஞ்சா, ஈயம் நின்ன குழல்ல அடுத்ததைச் சுட்டிருக்காங்க. வெளிப்பக்கம் விரலால தடவினா மேடு தட்டும். சிறு புள்ளித் துரு விலையைக் குறைக்கக் காரணம், வளையம் வேண்டாம்னு சொல்லக் காரணம்.

வாங்கின பிறகு ஒரு பழக்கம் வேணும்: காலிக் கூடுகளைத் தள்ளும்போது துப்பாக்கியைப் பக்கவாட்டுல சாய்ச்சு, ஒரே வேகத்துல முழுசாத் திறங்க. மெதுவாத் திறந்தா ஒரு கூடு, கூடுகளை வெளியே தள்ளற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில போய் மாட்டிக்கும், அப்புறம் துப்பாக்கி மூடாது. அப்படி ஆனா தகட்டை மேல தூக்கிப் பிடிச்சு கூட்டை விரலால எடுக்கணும், பலம் கொடுத்து மூடக் கூடாது. பழைய மாடலா இருந்தா சுத்தியலுக்கு நேர் அறையைக் காலியா விட்டு அஞ்சு தோட்டா மட்டும் வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்க.

மண்டி_கணக்கு:
ரெண்டு மூணு விஷயம் விட்டுப் போச்சு. உரிமத்துல எல்லை எதுன்னு பாருங்க. தமிழ்நாடு மட்டும்னா, மாங்காய் லோடோட அத்திப்பள்ளி தாண்டற அன்னிக்கும் குப்பம் பக்கம் போற அன்னிக்கும் துப்பாக்கி வீட்டுப் பெட்டியில இருக்கணும். நம்ம மாவட்டத்துல எல்லை தெரியாமலே கடந்துடுவோம்.

தோப்புல மாங்காய் பறிக்க வந்தவன் மேல சுட உரிமை கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதா 41-ஆம் பிரிவு சொத்தைக் காக்க உயிர் போகற அளவு தடுக்கலாம்னு சொல்றது கொள்ளை, ராத்திரி வீட்டை உடைச்சு நுழையறது, குடியிருக்கற வீட்டுக்குத் தீ வெக்கறது மாதிரி சிலதுக்குத்தான். அதுலயும் தேவைக்கு மீறக் கூடாது.

பில்லர்_கேஜ்:
பராமரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழ அது உறையும், தேன்கனிக்கோட்டை, தளி மார்கழிக் குளிருக்குச் சொல்லவே வேண்டாம். உள்ளே பிசுக்குப் பிடிச்சு சுத்தியல் சோம்பலா விழும், கேப்ல அடி பத்தாது. மெல்லிசான துப்பாக்கி எண்ணெய், பித்தளைப் பிரஷ், பழைய பருத்தித் துணி போதும். தோல் உறைக்குள்ளேயே வெச்சுப் பூட்டாதீங்க, தோல் ஈரத்தை இழுத்து உரசற இடமெல்லாம் துரு வைக்கும். உறை தனி, துப்பாக்கி தனி, தோட்டா வேற பூட்டுல.

தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்லயோ உரிமம் உள்ள கடையிலயோ ஒப்படைக்கச் சொல்வாங்க, ரெண்டு மூணு மாசம் அங்கேயே கிடக்கும். கொடுக்கறதுக்கு முந்தின நாள் குழல், ஆறு அறை, சிலிண்டர் அச்சு எல்லாத்துலயும் கெட்டியா கிரீஸ் தடவி, எண்ணெய்த் தாள்ல சுத்திக் கொடுங்க. துப்பாக்கி நம்பர், அதோட நிலை ரெண்டையும் எழுதி ரசீது வாங்குங்க. திரும்ப வாங்கினதும் குழல்லயும் அறைகள்லயும் இருக்கற கிரீஸை முழுசாத் துடைச்சு எடுத்த பிறகுதான் தோட்டா போடணும், குழல்ல கிரீஸ் அடைச்சிருந்தா அதுவும் ஈயம் நின்ன மாதிரிதான் வேலை செய்யும்.