சிவப்பு ஐசி தாத்தா கொடி கட்டுறாரு, அப்பா வேணாங்கிறாரு, பிள்ளைகிட்ட என்ன சொல்றது?

சிப்புட் அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம், முன்ன ரப்பர் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிச வீடு) இருந்தோம், தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. மகன் தமிழ்ப்பள்ளில ஆண்டு 4. மெர்டேக்கா (சுதந்திர) மாசம்னு டீச்சர் ஒரு வேல குடுத்துருக்காங்க, வீட்ல இருக்கற பெரியவங்ககிட்ட 1957 பத்தி கேட்டு எழுதி சபைக்கூடல்ல பேசணும்.

என் மாமனாருக்கு 82 வயசு. ஜப்பான்காரன் காலத்துல இங்க தோட்டத்துலயே பொறந்தவரு, அவரு வயித்துல இருக்கும்போதே அவங்க அப்பாவ சயாம் (தாய்லாந்து) ரயில் போடுற வேலைக்கு புடிச்சிட்டு போய்ட்டாங்க, திரும்பி வரவே இல்ல. அந்த நேரத்துல யாரு போய் பொறப்ப பதியறது, சூராட் பெரானாக் (பொறப்புச் சான்று) இல்ல. அதனால 38 வருஷம் பால் வெட்டியும் இன்னிக்கு வரைக்கும் கையில சிவப்பு ஐசிதான் (நிரந்தரவாசி அடையாள அட்டை, குடியுரிமை இல்ல), ஒரு தடவ கூட வோட்டு போட்டதில்ல.

ஆனா ஆகஸ்ட் பொறந்தா மொத வேலையா கொடிய எடுத்து தொவச்சு காய வச்சிருவாரு. மரத்துல பால் மங்கு மாட்டுவோம்ல அந்த கம்பி கொஞ்சம் இன்னும் சுருட்டி வச்சிருக்காரு, அதுல ரெண்டு துண்டு நறுக்கி கேட்டுல கொடிய கட்டுவாரு, கை நடுங்கும், யாரையும் தொட விடமாட்டாரு.

என் வீட்டுக்காரருக்கு இது கொஞ்சமும் பிடிக்கல. அவருக்கு நீல ஐசி, குடிமகன். அப்பாவ கூட்டிட்டு எத்தன தடவ லீவு போட்டு ஆபீஸுக்கு அலைஞ்சிருக்காருன்னு எனக்கு தெரியும். ஒரு தடவ கவுண்டர்ல பிரசவம் பாத்த மருத்துவச்சிய சாட்சிக்கு கூட்டிட்டு வான்னு சொன்னாங்க, அந்தம்மா செத்து முப்பது வருஷம் ஆச்சு. அன்னிக்கு காடில (கார்ல) வரும்போது இவரு ஒரு வார்த்த பேசல. "எங்கப்பாவ இந்த நாட்டுக்காரன்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் என் வாசல்ல கொடி இல்ல"ன்னு இந்த வருஷம் கொடிய அவிழ்த்து உள்ள வச்சிட்டாரு. மாமா ஒன்னும் சொல்லல, சாப்பிடாம படுத்துட்டாரு.

ராத்திரி மகன் கேக்குறான், "தாத்தா மலேசியன் இல்லையாம்மா?"ன்னு. நீங்கல்லாம் பிள்ளைங்ககிட்ட இத எப்படி பேசுறீங்க? நாட்டு மேல பாசம் வரணும்னு எனக்கு ஆச இருக்கு, அதுக்காக பொய் சொல்லி வளக்க மனசு வரல.

தெலுக் இந்தான் பழைய வாத்தியார்:

தங்கச்சி, பையன்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பத்து வயசுப் பிள்ளைக்கு புரியும். மெர்டேக்கா சமயத்துல குடியுரிமைக்கு மனு போட்டவங்களுக்கு கெடச்சுது, போடாதவங்க வெளிய நின்னுட்டாங்க. எங்க தோட்டத்துல பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்னு வேலைக்கு போய் இருட்டுனப்புறம் வர்ற ஆளுங்க, பட்டணத்துக்கு போய் மனு பாரம் நிரப்பணும்னு சொல்லக்கூட ஆள் இல்ல. அப்புறம் 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேல பெர்மிட் வேணும்னு கெடுபிடி வந்தப்ப எங்க லயத்துலயே நாலு குடும்பம் பெட்டி கட்டிட்டு ஊருக்கு கப்பல் ஏறிட்டாங்க, அந்த ஊர பாத்தே இராத பிள்ளைங்கள தூக்கிட்டு. இதெல்லாம் தாத்தாவோட குத்தம் இல்லன்னு பையனுக்கு அழுத்திச் சொல்லணும்.

கொடியப் பத்தி ஒன்னு. 1957ல அதுல 11 கோடுதான், 1963ல மலேசியா ஆனப்புறம்தான் 14 ஆச்சு. இப்ப அதுல பதிமூனு மாநிலத்துக்கு, இன்னொன்னு கூட்டரசுக்கு. பேராக்குக்கும் ஒரு கோடு இருக்கு. உங்க மாமா 38 வருஷம் வெட்டுன பால் இந்த பேராக்குலதான். அவர் கொடி கட்டுறதுக்கு யாருகிட்டயும் பெர்மிட் வாங்க வேண்டியதில்ல.

உங்க ஊர்லயே பேச விஷயம் இருக்கு. அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் சுங்கை சிப்புட்காரரு. தோட்டத்த துண்டு துண்டா வெட்டி வித்து ஜனங்க நடுத்தெருவுல நின்னப்ப 1960ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்க வச்சாரு. பையன் அதையும் ரெண்டு வரி எழுதட்டும்.

காப்பார் அப்பா:

நான் உங்க வீட்டுக்காரரு பக்கம், தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. எங்கப்பா இருந்த தோட்டத்த வீடு கட்ட வித்தப்ப மூனு மாசத்துல காலி பண்ணுன்னாங்க, நாப்பது வருஷம் இருந்த வீடு, அம்மா நட்ட முருங்க மரத்த எங்க கண்ணு முன்னாடி தள்ளுனாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்ல யாரும் கொடி வாங்கல. பள்ளில அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) கேட்டா குடுப்பேன், பிள்ளை பாடுனா போய் கேப்பேன், அவ்ளோதான். பெருமைய கேட்டு வாங்க முடியாது.

ஆனா ஒன்னு சொல்லணும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் பூப்பந்துல நம்ம தீனாவும் பெர்லியும் வெண்கலத்துக்கு ஆடுனப்ப மாமாக் கடைல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) பெரிய திரை போட்டுருந்தான், ரெண்டு மகளையும் கூட்டிட்டு போனேன். பக்கத்து மேசைல மலாய்க்காரரு குடும்பம், அந்தப் பக்கம் சீனப் பசங்க, ஒவ்வொரு புள்ளிக்கும் மொத்தக் கடையும் எழுந்து நின்னுச்சு. நாலாவதுதான் வந்தாங்க. சின்னவ அழுதா, எனக்கும் தொண்ட அடைச்சுது. கோவமும் அதுவும் ரெண்டும் எனக்குள்ள இருக்கு, ஒன்ன வச்சு ஒன்ன அழிக்க நான் முயற்சி பண்றதில்ல. உங்க வீட்டுக்காரர வற்புறுத்தாதீங்க, ஆனா பெரியவரு கட்டுன கொடிய அவரு அவிழ்த்தது தப்பு. அது பெரியவரோடது.

குளுவாங் சிஸ்:

எங்கம்மாவும் சிவப்பு ஐசிதான் சிஸ், 70 தாண்டிதான் நீலம் கெடச்சுது. விடாதீங்க. பழைய சம்பள சீட்டு, தோட்டத் தொழிலாளர் சங்கத்து கார்டு, பள்ளில படிச்ச ரெக்கார்ட், கல்யாணப் பத்திரிக எது கெடச்சாலும் ஒரே பைல்ல போடுங்க. பொறந்தத தெரிஞ்ச வயசானவங்க இருந்தா அவங்க சொல்றத சத்தியப் பிரமாணமா ஆணையர்கிட்ட (உறுதிமொழி பதிஞ்சு குடுக்கறவரு) எழுதி வாங்கி வச்சுக்குங்க, நாங்க அப்படித்தான் பண்ணோம். மனு திரும்பி வந்தா காரணத்த எழுத்துல கேளுங்க.

2022 நவம்பர் 19 அம்மா மொத தடவ வோட்டு போட்டாங்க, 76 வயசுல. வெரல்ல வச்ச மை போயிரும்னு ரெண்டு நாளா அந்தக் கையில பிளாஸ்டிக் சுத்திட்டு பாத்திரம் கழுவுனாங்க. மை லேசுல போகாதும்மான்னு சொன்னாலும் கேக்கல.

சிப்புட் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. காப்பார் அண்ணா எழுதுனத அப்படியே அவருகிட்ட படிச்சு காட்டுனேன், ரொம்ப நேரம் போனை கையில வச்சிட்டு உக்காந்திருந்தாரு. கொடிய அவரு கட்டல, ஆனா எடுத்துட்டு வந்து மாமா மடியில வச்சாரு. கம்பி நறுக்க மகன் ஒரு முனைய புடிச்சுகிட்டான்.

மகன் பேசிட்டு வந்துட்டான். கிராணி (தோட்டத்து கணக்கர்) வீட்டு ரேடியோவ சுத்தி எல்லாரும் நின்னது, மொத பிரதமர் துங்கு ஏழு தடவ மெர்டேக்கான்னு சொன்னத தாத்தா வெரல் விட்டு எண்ணுனது, தாத்தா ஐசி என்ன கலர்ன்னு எல்லாத்தையும் எழுதிருந்தான். டீச்சர் எதையும் வெட்டல.

குளுவாங் சிஸ், ஒரு அவசரம். தகரப் பெட்டிய கொட்டி தேடி 1960கள்ல உள்ள சங்கத்து கார்டு ஒன்னு எடுத்துட்டோம். மாமா பொறந்தது தெரிஞ்ச பாட்டி ஒருத்தங்க பழைய லயத்துல இன்னும் இருக்காங்க, 91 வயசு, ஞாபகம் நல்லாருக்கு, நடக்க முடியாது. ஆணையர் வீட்டுக்கு வந்து எழுதுவாங்களா, இல்ல பாட்டிய தூக்கிட்டாவது போகணுமா? வர்ற செவ்வாய் வீட்டுக்காரரு லீவு போட்டிருக்காரு.