முதல் மணி நல்ல பவுண், மிச்சம்?

கொக்கட்டிச்சோலையிலிருந்து:
போன பெரும்போக வெட்டு முடிஞ்ச கையோட மாமாட வீட்டுக்கு வெளியூர் ஆள் ஒருத்தர் வந்தார். பெக்கோ வேலை செய்யக்குள்ள மண்ணுக்குள்ள முட்டி ஒண்டு கிடைச்சதாம், உள்ளுக்குப் பவுண் மணி மாலையாம், கடையில குடுத்தா பொலிஸ் பிரச்சினையாம். மாலையில இருந்து ஒரு மணியக் கழட்டி, "உரைச்சுப் பாருங்க" எண்டு தந்திட்டுப் போனார். களுவாஞ்சிகுடியில பத்தர் உரைச்சார்: 22 கரட், சுத்தம். மாமா நெல்லு வித்த காச எடுத்து வைச்சிட்டார்.

மறுநாள் ஆள் வர, மாமி மாலைய வாங்கி நடுவில கிடந்த மணியொண்டப் பிடிச்சா. "தம்பி, நேற்று நீங்க தெரிஞ்சு தந்தீங்க. இண்டைக்கு நான் தெரியிறன். இத உரைப்பம்." ஆளுக்கு உடன அவசரக் கோல் ஒண்டு வந்திட்டு!

கல்முனையிலிருந்து:
மாமிக்கு ஒரு கும்பிடு. நாங்க பத்தர் குடும்பம். உரைகல்லும் ஏமாறும், முலாம் தடிப்பா இருந்தா கல்லில நல்ல பவுண் கோடுதான் விழும், அசிட் விட்டாலும் நிக்கும். அதால அப்பா முதல்ல ஆருக்கும் தெரியாத இடத்தில அரத்தால ஒரு கீறு போடுவார். உள்ளுக்குச் செம்போ பித்தளையோ எண்டா அசிட் பட்டதும் பச்சையா நுரைக்கும். பழைய நகைக்கு அரமே வேணாம், வளையம் வளையத்தோட உரசுற இடத்தையும் காப்பிட உள்பக்கத்தையும் பாத்தாக் காணும், முலாம் எண்டா அங்க தேஞ்சிருக்கும்.

916 முத்திரையக் காட்டிச் சண்டை பிடிக்கிறாக்களும் வருவாங்க. ஆயிரத்தில 916 பங்கு தங்கம் எண்டுதான் அதுக்குக் கருத்து, ஆனா அச்சு வைச்சிருக்கிற ஆரும் குத்தலாமே. காந்தமும் அப்பிடித்தான். செம்பும் பித்தளையும் ஒட்டாது. நல்ல சங்கிலியிட கொக்கிக்குள்ள கிடக்கிற ஸ்பிரிங் ஒட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
அரம் போட மனம் வராதாக்களுக்குத் தண்ணி இருக்கு. 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு வேணும். தண்ணிக் கோப்பைய அதில வைச்சுப் பூச்சியமாக்கி, நகைய நூலில கட்டி, அடியில முட்டாம முழுசா அமிழ விடுங்க. ஒரு பவுண், அதாவது 8 கிராம், 22 கரட் எண்டா 0.45 கிட்டக் காட்டும். செம்பு, பித்தளை அதே நிறைக்கு 0.9 கிட்ட வரும்.

உம்மாட காப்பு சரியா வந்தது. ராத்தாட ஜிமிக்கி வரல்ல. கவரிங் எண்டு வீட்டில ஒரே சத்தம், வாங்கிக் குடுத்த மச்சான் சோறும் தின்னாம எழும்பிப் போயிட்டார். மறுகா பத்தரிட்டக் கொண்டுபோனா நல்ல பவுண்தான், உள்ளுக்குக் கோறை. காத்து அடைபட்டா இந்தக் கணக்குப் பிழைக்கும். கல்லு வைச்சதுக்கும் அரக்கு நிரப்பினதுக்கும் அப்பிடித்தான், அதுகளுக்குப் பத்தர்தான் சரி.