அன்றாடத்தைப் பார்க்கும் கவிதைகள் தேவை

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் குருகு என்னும் நீர்ப்பறவை ஒன்றைக் காட்டுவார். தினைத்தாள் போல மெலிந்த பசுங்கால். ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நிற்கும். தலைவியின் களவு மணத்துக்குச் சாட்சி அதுதான், அதற்கோ கண்ணெல்லாம் மீன்மேல்!

இப்படிக் கூர்ந்து பார்க்கும் கவிதைகளைத் தேடுகிறேன். நிலாவும் வானவில்லும் படித்துச் சலித்துவிட்டது. கொடியில் காயும் சட்டை, குழாயில் சொட்டும் நீர், சுவரில் ஊரும் எறும்பு என்று கண்முன் கிடப்பதை எழுதியவர்கள் யார்? ஹைக்கூ என்றாலும் சரி. கடைசி வரியில் தத்துவம் பேசுபவை மட்டும் வேண்டாம்.

அப்புறம், தொகுப்பின் பெயரோடு உங்களுக்குப் பிடித்த ஓரிரு வரியையும் போடுங்கள். சங்கப் பாட்டு என்றால் எண்ணையும் சொல்லுங்கள், தேட வசதியாக இருக்கும்.