[கலைச்சொல்] 'மேக்னெடிக் லூப் ஆண்டெனா': தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். அமெச்சூர் வானொலி உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இடவசதி இல்லாதவர்கள் ஆண்டெனா அமைப்பது பற்றிய அத்தியாயம் மட்டும் ஒரு சொல்லால் நிற்கிறது.

40 மீட்டர் பட்டையில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அரையலை இருமுனைக் கம்பி (டைபோல்) கட்ட ஏறக்குறைய 20 மீட்டர் நீளம் வேண்டும். அதற்கு வழியில்லாதவர், ஒரு மீட்டர் விட்டத்தில் செப்புக்குழாயை வளைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மாறு மின்தேக்கியை வைத்துப் பால்கனியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைத்தான் 'மேக்னெடிக் லூப் ஆண்டெனா' என்கிறார்கள். முதல் வரைவில் 'காந்த வளைய அலைவாங்கி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி, "இதில் காந்தத்தை எந்த இடத்தில் பொருத்த வேண்டும்?" என்று கேட்டார். உதவுங்கள்.

வானொலி ஆர்வலர்:

அந்த மாணவியின் கேள்வி நியாயமானது அம்மா. 'காந்த' என்ற அடையை எடுத்துவிடுங்கள். வளையத்துக்கு மிக அருகில் காந்தப் புலம் ஓங்கியிருக்கும் என்பதால் வந்த பெயர் அது. கொஞ்சம் தள்ளிப் போனால் எல்லா ஆண்டெனாவிலிருந்தும் வரும் அதே மின்காந்த அலைதான். அருகிலும்கூட மின்தேக்கியைச் சுற்றி மின்புலம் கடுமையாக இருக்கும். 22 மில்லிமீட்டர் குழாயில் செய்த ஒரு மீட்டர் வளையத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் கொடுத்தால், குழாயில் 50 ஆம்பியர் அளவுக்கு ஓடும். மின்தேக்கியின் இரு பக்கமும் 5000 வோல்ட்டைத் தாண்டும். 'காந்தம்' என்று படித்தவர் பயமில்லாமல் கை வைப்பார். அதுதான் என் கவலை.

இலக்கண ஆசிரியர்:

'காந்த'த்தை விட்டுவிடலாம், சம்மதம். எஞ்சியதைப் பார்ப்போம். வளையம் + அலைவாங்கி: மகர ஈறு கெட்டு, உயிர்முன் உயிர் வர, வகர உடம்படுமெய் தோன்றி 'வளையவலைவாங்கி' ஆகும். படிப்பவர் 'வலை வாங்கி' என்று பிரிப்பார். மீன்வலை விற்கும் கடைக்கு ஆள் அனுப்புவதுபோல் ஆகிவிடும். பிரித்து எழுதினால் தப்பலாம். ஆனால் சேர்த்தால் பொருள் கெடுகிற சொல் கலைச்சொல்லாக நிலைக்காது.

வளையலைக் குறிக்கும் 'தொடி' என்ற சொல்லை ஆளலாமே? ஒண்டொடி, ஆய்தொடி என்று அன்மொழித்தொகையாகவே நமக்குப் பழகிய சொல். சிறிய வட்டம் என்ற பொருளும் அதிலேயே அடங்கும். 'அலைத்தொடி': நான்கே எழுத்தும் ஓர் ஒற்றும்.

நிரலாளர்:

ஐயா, 'அலைத்தொடி'யைக் கேட்டால் 'அலையைத் தொடு' என்றுதான் என் தலைமுறைக்குத் தோன்றும். நாங்கள் நிரலில் 'லூப்'புக்கு 'மடக்கு' என்கிறோம். இங்கே அது பொருந்தாது, தெரியும். ஆண்டெனாவை ஆண்டெனா என்றே விட்டால் என்ன? 'அலைவாங்கி' வாங்க மட்டும்தானே செய்கிறது? இவர்கள் கையேடே அனுப்புவதைப் பற்றியது.

இலக்கண ஆசிரியர்:

> 'அலைவாங்கி' வாங்க மட்டும்தானே செய்கிறது?

இல்லை. 'வாங்குதல்' என்பதற்கு வளைதல், வளைத்தல் என்பது பழம்பொருள். 'வாங்கமை' என்றால் வளைந்த மூங்கில். வில்லை வாங்கினான் என்றால் கடையில் வாங்கினான் என்றா பொருள்? ஆக, 'அலைவாங்கி'க்குள்ளேயே வளைவு இருக்கிறது. இந்த ஒரு கருவிக்காவது அச்சொல் முழுப் பொருத்தம். 'வளைய' என்ற அடைகூட மிகை.

லத்தீனில் 'ஆண்டெனா' என்பது பாய்மரத்தின் குறுக்குக் கம்பு. நம் கடலோடிகள் அதைப் பருமல் என்பார்கள். வேர்வழி போவதானால் 'பருமல்' என்றே சொல்லலாம். கடல் தொழிலில் நமக்கு இருக்கும் சொல்வளத்தை நாம் எடுத்து ஆளாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இயற்பியல் ஆசிரியை:

ஐயா, பருமல் அருமையான சொல். வகுப்பில் சொன்னால் அதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

வேறொன்று கேட்கிறேன். முழு வளையல் ஒட்டுப்போட்ட வட்டம். காப்புக்கு வாயில் இடைவெளி உண்டு. மின்தேக்கி அமர்வது அந்த இடைவெளியில். 1887-ல் ஹெர்ட்ஸ் மின்காந்த அலையைக் கண்டறிந்தபோது கையாண்டதும் வாயில் நூலிழை இடைவெளி விட்ட கம்பி வளையமே. அந்த இடைவெளியில் பொறி பறந்ததைத்தான் அவர் பார்த்தார். 'காப்பு ஆண்டெனா' எப்படி?

வானொலி ஆர்வலர்:

காப்பு எனக்கும் பிடிக்கிறது. ஆனால் மின்சாரம் பற்றிய நூலில் 'காப்பு' வந்தால் மின்காப்பு (இன்சுலேஷன்) என்று எடுத்துக்கொள்வார்கள். 5000 வோல்ட் நிற்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்பது 'சிறு' என்ற அடை. ஹெர்ட்ஸின் வளையம் அதன் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் நம்முடையதைவிடப் பெரியது. சுற்றளவு அலைநீளத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால், சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம் ஓடும். அப்போது அலை வளையத்தின் தளத்திலேயே போகும்; அச்சுத் திசையில், அதாவது வளையத்தின் முகம் பார்க்கும் பக்கம், ஒன்றும் போகாது. சுற்றளவு ஓர் அலைநீளம் ஆனால் நேர்மாறு: தளத்துக்குக் குறுக்கே பாயும். இரண்டையும் வெறும் 'வளைய ஆண்டெனா' என்றால், மாணவர் தன் வளையத்தின் முகத்தை எதிராளி பக்கம் திருப்பி வைத்து, ஏன் கேட்கவில்லை என்று தவிப்பார். அதே அச்சுத் திசையை இரைச்சல் வரும் பக்கம் திருப்பினால் இரைச்சல் அமுங்கும். அடுக்குமாடியில் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

'சிறு' என்றால் என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் நூல் சொல்லட்டும். அந்த ஒரு மீட்டர் வளையத்தின் கதிர்வீச்சுத் தடை (அலையாகப் போகும் திறனைக் கணக்கிடும் தடை) 7 மெகாஹெர்ட்ஸில் 6 மில்லி ஓம்கூட இல்லை. செப்பின் தடையோ 30 மில்லி ஓமுக்கு மேல். மின்தேக்கியிலும் இணைப்புகளிலும் இழப்பே இல்லை என்று வைத்தாலும், கொடுத்த திறனில் ஆறில் ஒரு பங்குதான் அலையாகப் போகும். 14 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை 16 மடங்காகும். மூன்றில் இரண்டு பங்கு போகும். அதனால்தான் பற்றவைத்த இணைப்பு, தடித்த குழாய் என்று இவ்வளவு பாடுபடுகிறோம்.

நிரலாளர்:

'சிறு' அளவைச் சொல்வதா, அலைநீளத்தோடு ஒப்பிட்டதா? 'குறுவளையம்' என்றால்?

வானொலி ஆர்வலர்:

ஒப்பிட்டதுதான். 'குறு'வும் பொருந்தும். ஆனால் சிற்றலை என்று நாம் ஏற்கெனவே சொல்கிறோம். சிற்றலைக்குச் சிறுவளையம் காதுக்கு இசைகிறது.

இயற்பியல் ஆசிரியை:

'ட்யூனிங்'குக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் அம்மா? 'சீரமைத்தல்' என்றால் பழுது பார்ப்பதுபோல் இருக்கும்.

வானொலி ஆர்வலர்:

'இசைவித்தல்' என்று போடுங்கள். செய்து பார்த்தவருக்கு அது உடனே புரியும். வானொலியைக் கேட்டபடி மின்தேக்கியின் குமிழைத் திருப்பினால், ஓரிடத்தில் இரைச்சல் குபீரென்று எழும்பி மயிரிழை தாண்டியதும் விழுந்துவிடும். அந்த உச்சிதான் இசைவு. ஓர் இசைவு தாங்கும் பட்டை அகலம் சில கிலோஹெர்ட்ஸே என்பதால், 7.050 மெகாஹெர்ட்ஸிலிருந்து 7.070-க்குப் போனால் மறுபடி திருப்பியாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. 'சிறு' என்ற அடையில் மறுப்பு வரவில்லை. 'காந்த' நீங்குகிறது. 'ஆண்டெனா'வுக்கு மூவர் சம்மதம், 'அலைவாங்கி'க்கு ஒருவர். தேர்வு எழுதுபவர் வினாத்தாளில் காணப்போவதும் 'ஆண்டெனா' என்பதால் 'சிறுவளைய ஆண்டெனா' என்றே அனுப்புகிறேன். 'மேக்னெடிக் லூப்' என்று பிறர் சொல்வதும் இதைத்தான் என்று முதல் பத்தியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். 'இசைவித்தல்' உள்ளே வந்துவிட்டது.

இலக்கண ஆசிரியர்:

காலக்கெடுவுக்காக ஒதுங்கிக்கொள்கிறேன், உடன்பாடு என்று குறிக்க வேண்டாம். 'சிறுவளைய' வரை நல்ல தமிழ். அடுத்த பதிப்பில் 'அலைவாங்கி'க்கு மறுபடி வாதாடுவேன், 'வாங்கமை'க்கு இன்னும் சான்றுகளோடு.

வானொலி ஆர்வலர்:

ஐயா, அப்போது நானும் வருகிறேன். அம்மா, அச்சுக்கு முன் ஒன்று: படத்தில் மின்தேக்கிக்குப் பக்கத்திலேயே 'ஒலிபரப்பும்போது தொடக் கூடாது' என்று தடித்த எழுத்தில் இருக்கட்டும். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.